பேர் கூப்பிட்டாச்சு

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் சிம்பாங் அம்பாட் சமூக மண்டபத்தில் புதுத் தையல் வகுப்பு ஆரம்பித்தார்கள். மூன்று மாதப் படிப்பு, காசு பணம் எதுவும் கிடையாது. உள்தோட்டத்திலிருந்து இருபது பெண்கள் மஞ்சள் பூசிக் குளித்து, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மெஷின் நான்குதான். நான் இதே படிப்பைப் போன வருஷமே முடித்தவள். மெஷின்களுக்கு எண்ணெய் விட்டு, அறுந்த பெல்ட்டை மாட்டிக் கொடுக்கப் போயிருந்தேன்.

சொல்லிக்கொடுக்க மலாக்கா டவுனிலிருந்து வந்தவள் சின்னப் பெண். நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். பேருக்குரியவள் "வந்துட்டேங்க" என்றாள், எழுந்தாள், குடையை எடுத்தாள், வெளியே போய்விட்டாள். அடுத்தவளும் அப்படியே. டீச்சர் நோட்டை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. இருபதாவது பேரைக் கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் நான்கு மெஷினும் நானும்தான் இருக்கிறோம்.

"அக்கா, நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா?" என்றாள், அழுகிற குரலில்.

"இல்லம்மா, நீ பேரு கூப்பிட்டுட்டலா. இனிமே அவுங்களுக்கு இங்க என்னா வேல?" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு அந்தச் சிரிப்பு எங்கேயோ திரும்பி, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அந்தப் பெண் பயந்தே போய்விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடி, இருபது பேரையும் ஆட்டுக்குட்டிகளைப் போல ஓட்டிக்கொண்டு வந்தேன்.

அண்ணன் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறார். வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு மலாயாவைப் பற்றி ஏதாவது எழுது, சிவகாமி, அங்கே யானை உண்டா, தங்கம் மண்ணில் கிடக்கிறதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று. யானை உண்டு. தங்கத்தை நான் பார்த்ததில்லை. கேள்வி முடிந்தது. இனி நான் எழுதப்போவதைத் துறையூர்ப் பக்கம் யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதுவது என் தங்கை பாக்கியத்துக்கு.

ஆறு வருஷத்துக்கு முன் அவள் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று கைப்பட எழுதினேன். வரவில்லை. கப்பலில் இடம் கிடைக்கவில்லை, இங்கே கம்யூனிஸ்டுக்காரர் தொல்லை, ஊரடங்குச் சட்டம் என்று பிறகு ஒரு கடிதம் போட்டேன். அத்தனையும் பொய். தொல்லை இருந்தது, சட்டமும் இருந்தது, ஆனால் நான் வராததற்கு அவை காரணமில்லை. அன்றிலிருந்து பாக்கியம் என்னை அக்கா என்று சொல்வதில்லையாம். "மலாயாக்காரிக்கு எழுதியாச்சா?" என்றுதான் அண்ணனைக் கேட்கிறாளாம்.

உண்மையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள்.

2

உண்மை விளங்க வேண்டுமென்றால் முதலில் பெரட்டு விளங்க வேண்டும்.

ரப்பர் தோட்டத்தில் விடிந்தும் விடியாமலும் எல்லாரும் வாளியும் கத்தியுமாக ஆபீஸ் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, விளக்கைப் பிடித்துக்கொண்டு பேர் கூப்பிடுவார். அதுதான் பெரட்டு. பேர் கூப்பிட்டதும் "வந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டு, யாருக்கு எந்த நிரை மரமோ அங்கே போய்விட வேண்டும். பேர் கூப்பிட்ட பிறகும் அங்கேயே நின்றால், "என்னா, மாப்பிள்ளை அழைப்புக்கு நிக்கிறியா?" என்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். பேர் கூப்பிடாதவர்கள்தான் நிற்பார்கள். நேற்று வேலைக்கு வராதவர், மரத்தைக் காயப்படுத்தியவர், இப்படி ஏதோ வில்லங்கம் உள்ளவர்கள்.

நான் கல்யாணமாகிக் கப்பலேறி வந்த இரண்டாம் மாதமே பெரட்டில் நின்றேன். ஐந்தாவது வரை படித்தவள் என்று ஊரில் எனக்கு இருந்த மிடுக்கெல்லாம் ஒரு வாரத்தில் போயிற்று. கால் மட்டும் பழகிக்கொண்டது. பேர் காதில் விழுந்தால் கால் தானாக நடக்கும், தலையைக் கேட்காது.

அப்போது அவசர காலம் உச்சத்தில் இருந்தது. சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது வேலைக்காரர் குடியிருந்த வரிசை வீடுகளையெல்லாம் ஓரிடத்தில் கூட்டிவைத்துச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். மாலை ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்தினால் காலையில்தான் திறப்பார்கள். வெளியே போகும்போது சோதனை. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுக்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம், அதனால் அரிசி ஒரு பிடி, மீன் டின் ஒன்று கூடக் கொண்டுபோக முடியாது. மடியைத் தடவிப் பார்க்க ஒரு பெண்பிள்ளையையே கேட்டில் நிறுத்தியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பாக்கியத்துக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது, எட்டு மாதத்தில் கல்யாணம் என்று அண்ணன் கடிதம் வந்தது. எனக்கு நிலைகொள்ளவில்லை. அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். போக வேண்டும், கட்டாயம் போக வேண்டும். ஆனால் போனால் திரும்பி வர வேண்டுமே? இரண்டு வயது மகனும் வீட்டுக்காரரும் இங்கேதான் இருக்கிறார்கள். அவர் இங்கே பிறந்தவர், தோட்டத்து லோரி ஓட்டுகிறார், பிரஜை என்று அவரிடம் காகிதம் உண்டு. நான் இந்தியாவிலிருந்து வந்தவள். காகிதமில்லாமல் போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ, ஆபீசுக்கு ஆபீஸ் ஒரு பதில் சொன்னார்கள். கடைசியில் ஒரு குமாஸ்தாதான் தெளிவாகச் சொன்னார்: "நீங்களும் பிரஜா உரிமைக்கு எழுதிப் போடுங்கம்மா. மலாயில பேசச் சொல்லுவாங்க, அவ்வளவுதான். பேசிட்டா கவலையில்லாம போயிட்டு வரலாம்."

மலாயில் எனக்கு அப்போது மூன்று சொல் தெரியும். மூன்றும் மீன்காரனிடம் பேரம் பேசுகிற சொற்கள்.

3

அதே மாதம் சமூக மண்டபத்தில் பெரியவர்களுக்கு இலவச மலாய் வகுப்பு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கிராணி பேர் எழுதிக்கொண்டார். என் பக்கத்து வீட்டு அஞ்சலைக்கு ஒரே சந்தேகம்.

"காசு வாங்காம எவன்டி சொல்லித் தருவான்? பேர எழுதிக்கிட்டுப் போயி பட்டாளத்துல சேத்துருவானுங்க."

"ஆமாலா, உன்னயச் சேத்தாத்தான் அவுங்க சண்டையில ஜெயிக்க முடியும்" என்றேன்.

கடைசியில் அவளும் வந்தாள். படிக்க இல்லை. வேலிக்கு வெளியே வாரம் மூன்று நாள் ஒன்றரை மணி நேரம் இருக்கலாம் என்பதற்காக. பொய் சொல்வானேன், பாதிப் பேர் அதற்காகத்தான் வந்தோம். என் வீட்டுக்காரர் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் ரொக்கியா. மலாய்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. என் வயதுதான் இருக்கும். மலாய்க்காரர் ஆசிரியரைச் சேகு என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பார்த்தாலே கும்பிடத் தோன்றும் முகம், பேசினால் மணி அடித்த மாதிரி இருக்கும்.

சேகு நோட்டைப் பிரித்துப் பேர் கூப்பிட்டார்.

மேலே போன செவ்வாய்க்கிழமை நடந்ததாக எழுதினேன் அல்லவா, அதுவேதான். நான்தான் முதல் ஆள். "வந்துட்டேங்க" என்றேன், சிலேட்டை இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னாலேயே அஞ்சலை. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் லோரியைச் சுற்றி நின்றோம். லோரியில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அதுக்குள்ள பாடம் முடிஞ்சிருச்சா?"

"பேரு கூப்பிட்டாச்சு" என்றேன்.

உள்ளே மிச்சம் இருந்தது முனியாண்டி அண்ணன் ஒருவர்தான். பட்டாளத்துக்குப் பயந்து அவர் பேரே கொடுக்கவில்லை, வேடிக்கை பார்க்க வந்தவர். பேர் கூப்பிடாததால் ஏதோ குற்றம் செய்துவிட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டு நடுங்கி நின்றாராம். சேகு மரக்கட்டைச் செருப்பு டக்டக்கென்று அடிக்க வாசலுக்கு ஓடி வந்தார். தான் ஏதோ மரியாதைக் குறைவாக நடந்துவிட்டோம், தமிழர்கள் கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்று அவர் நினைப்பு. வீட்டுக்காரர் இறங்கிப் போய் மலாயில் பெரட்டை விளக்கிச் சொன்னார். சேகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரித்தார், வாசற்படியில் உட்கார்ந்தே சிரித்தார்.

அடுத்த வகுப்பிலிருந்து ஓர் ஏற்பாடு செய்தார். பேர் கூப்பிடுவது பாடம் முடிந்த பிறகு. கூப்பிட்டதும் "சாயா, சேகு", அதாவது நான்தான் சேகு, என்று சொல்லிவிட்டு அவரவர் லோரிக்குப் போகலாம். எங்களுக்கு அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா! அந்த மூன்று மாதமும் திருவிழாத்தான். அஞ்சலை சேகுவுக்கென்று அதிரசம் சுட்டு மடியில் வைத்துக்கொண்டு வர, கேட்டில் பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கிய காவல்காரர் எங்கள் கண்முன்னாலேயே தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் வெல்லம் போட்டிருக்கலாம்" என்றார். அஞ்சலை முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் மலாயில் பேசியது அன்றுதான். அதை இங்கே எழுத முடியாது.

நான் வெறியாகப் படித்தேன். மரத்தில் கத்தி வைக்கும்போது ஒரு சொல், ரப்பர் பால் வடியும் கோப்பையை மாற்றும்போது ஒரு சொல். சேகு கடைசி வாரம் என்னைக் கட்டிக்கொண்டு, "உனக்குப் பயமே வேண்டாம், நன்றாகப் பேசுகிறாய்" என்றார்.

4

பரீட்சை அலோர் காஜா ஆபீசில். கப்பலேறும்போது நாகப்பட்டினத்தில் வாங்கிய சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் வெளியே லோரியில் இருந்தார், ஆறு மணிக்குள் வேலிக்குள் போயாக வேண்டும் என்று அவருக்கு அவசரம்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் சொங்கோக் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், மடியில் பெரிய ஃபைல். என்னைப் பார்த்து மலாயில் எங்கிருந்து வருகிறாய் என்றார். சொன்னேன். எத்தனை பிள்ளை? சொன்னேன். என்ன வேலை, எப்போது வந்தாய், ஏன் ஊருக்குப் போகிறாய்? எல்லாம் சொன்னேன். தங்கை கல்யாணம், அவளுக்கு நான்தான் தலைபின்னி விட வேண்டும், வேறு யார் பின்னினாலும் அவளுக்கு வலிக்கும் என்பது வரை மலாயில் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டு, "பண்டாய், பண்டாய்" என்றார். கெட்டிக்காரி என்று அர்த்தம். பரீட்சை இவ்வளவு சுலபமா என்று எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து பியூன் வந்து சத்தமாக என் பேரைக் கூப்பிட்டார்.

"சாயா, துவான்", நான்தான் ஐயா, என்றேன். எழுந்தேன். பெரியவரைக் கும்பிட்டேன். வெளியே போய் லோரியில் ஏறிவிட்டேன்.

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றார் இவர்.

"பேரு கூப்பிட்டாச்சு" என்றேன்.

வகுப்பின் முதல் நாள் இதே கேள்வியைக் கேட்டு, சேகுவுக்குப் பெரட்டை விளக்கிச் சொன்ன மனுஷன், அன்றைக்கு மட்டும் லோரியைக் கிளப்பிவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன், லயம் முழுக்கக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். "பாக்கியத்திடம் சொல்லுங்கள், அக்கா வருகிறேன், கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே வருகிறேன், தலையை வேறு யார் கையிலும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்."

மூன்று வாரம் கழித்து ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. பேர் கூப்பிட்டபோது பதில் சொல்லிவிட்டு விண்ணப்பக்காரர் பரீட்சைக்கு வராமல் போய்விட்டார், மறுபடி தேதி கொடுக்க ஒரு வருஷம் ஆகலாம் என்று இருந்தது. வீட்டுக்காரர் படித்துச் சொன்னார். எனக்கு முதலில் விளங்கவே இல்லை. நான்தான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேனே, சொங்கோக் போட்டவரைக் கேளுங்கள் என்று சத்தம் போட்டேன். மறுநாளே போய் விசாரித்தோம். அவர் ஆபீசரே இல்லை. டுரியான் பழத்தோட்டத்துப் பத்திர விஷயமாக வந்து உட்கார்ந்திருந்த ஆள்.

சேகுவும் எங்களோடு ஆபீசுக்கு வந்து மன்றாடிப் பார்த்தார். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, வரிசை என்றால் வரிசைதான் என்றார்கள்.

பாக்கியம், உன் கல்யாண முகூர்த்த நேரத்தில் நான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். இங்கே மணி நம் ஊரை விட முந்தி ஓடும், அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு என் வாளியில் பால் பாதிகூட இல்லை. மாட்டுவண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நீ எட்டி எட்டிப் பார்த்தாய், தாலி கட்டும் வரை பார்த்தாய் என்று அண்ணன் எழுதியிருந்தார். பேர் கூப்பிட்டதும் எழுந்து வந்துவிட்டேன் என்று நான் எப்படி எழுதுவேன்? ஐந்தாவது படித்தவள், ஊரில் நாலு பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கப்பல் மேலும் கம்யூனிஸ்டுக்காரர் மேலும் பழியைப் போட்டேன்.

5

மறு தேதி வரும் வரை சேகு என்னை விடவில்லை, வகுப்பை மறுபடி ஆரம்பித்தார். இனிமேல் பேரை முதலிலேயே கூப்பிடுவேன், கூப்பிட்டதும் எல்லாரும் உட்கார வேண்டும் என்றார். எழுந்தவர்களை அதட்டி உட்கார வைத்தார். இந்தத் தடவை பேர் கொடுத்திருந்த முனியாண்டி அண்ணன், எழுந்துவிடாமல் இருக்கத் தூணைப் பிடித்துக்கொள்வார். மலாய் படிக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று, உட்கார்ந்திருக்கப் படிக்க அதைவிட அதிகம் ஆயிற்று.

பத்து மாதம் கழித்து மறுபடி அதே ஆபீஸ். இந்தத் தடவை பெஞ்சில் யாரோடும் வாய் திறக்கவில்லை. பேர் கூப்பிட்டார்கள். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காகிதத்தைப் பார்த்து இன்னொரு தரம் என் பேரைச் சொன்னார். என் கால் எழுந்துவிட்டது! இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்து என்னை நானே உட்கார வைத்தேன்.

"ஏம்மா நாற்காலியை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டார்.

நல்ல மனுஷன் அந்த ஒரு கேள்விதான் கேட்டார். நான் பெரட்டிலிருந்து ஆரம்பித்தேன். சேகு, லோரி, டுரியான்காரர், பாயசம், பாக்கியம், எல்லாம் சொன்னேன், அத்தனையும் மலாயில். பாதியில் அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துத்தான். முடிவுக்கு வந்தபோது அவர் சிரிக்கவில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "போகலாம்மா, பரீட்சை முடிந்தது" என்றார்.

6

அப்புறம் ஏன் இத்தனை வருஷம் வரவில்லை என்று கேட்பீர்கள். மகள் பிறந்தாள். மகன் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தான். வேலியை எடுத்தார்கள், நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது, வீட்டுக்காரருக்கு டவுனில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்து இங்கே குடிவந்தோம். சொல்வதற்குக் காரணங்களுக்கா பஞ்சம்? உண்மையான காரணம், ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதன் முகத்தில் விழிக்கப் பயம்.

இப்போது காலையில் பெரட்டு இல்லை. சோறு கட்டிக் கொடுத்து மகனைப் பள்ளிக்கூடத்துக்கும் மகளைப் பாலர் வகுப்புக்கும் விரட்டுகிறேன். மகன் வீட்டில் பாதி இங்கிலீஷ், பாதி மலாய். தமிழில் கேட்டால், "தெரியாதுலா ம்மா" என்பதோடு சரி. நான் மலாய் பேசினால், "சேகு புத்தகம் மாதிரிப் பேசாதீங்கம்மா" என்று தங்கையோடு சேர்ந்து கேலி செய்கிறான். போன வாரம் பாக்கியம் சித்தி என்று சொன்னேன். "சித்தின்னா யாரு?" என்றாள் மகள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அவள் ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டதில்லையே, எப்படித் தெரியும்? என் வெட்கத்துக்கு அவளிடமிருந்து ஒரு சித்தியைப் பிடுங்கிவிட்டேன்.

அதன் மறுநாள்தான் அந்தத் தையல் வகுப்பு. இருபது பேர் குடையோடு வெளியே போனார்கள். அழுது முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து இவரிடம், "போதும், நான் ஊருக்குப் போறேன்" என்றேன். பிள்ளைகளோடு பினாங்கிலிருந்து தை மாதக் கப்பல். ரசீது என் பெட்டியில் இருக்கிறது. காகிதமும் இருக்கிறது, யாரும் தடுக்க முடியாது.

பாக்கியம், உன் மகளுக்கு ஐந்து வயதாம், நீளமான முடியாம். அவளுக்காவது நான் தலைபின்னி விடுகிறேன். நீ கோபமாகவே இரு, அது உன் உரிமை, வாசலில் நின்று திட்டு, கேட்டுக்கொள்கிறேன். திட்டி முடித்த பிறகு ஒரே ஒரு தடவை அக்கா என்று கூப்பிடு. நாற்காலி, தூண், எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்கிறேன். கூப்பிட்டதும் எழுந்து போய்விட மாட்டேன்.